சேர்ப்பதும் விடுவதும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். காய்ச்சல் முற்றினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். முதியோர் இல்லம் என்று வந்தவுடன் வினைச்சொல் மாறிவிடுகிறது. "அம்மாவக் கொண்டு போய் ஹோம்ல விட்டுட்டான்." பூனைக்குட்டியைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விடுவதற்கும் இதே சொல்தான். கொஞ்சம் நாகரிகமாகப் பேச நினைப்பவர்கள் "சேர்த்திருக்கோம்" என்பார்கள். கேட்பவர் மனதுக்குள் அதை "விட்டுட்டாங்க" என்று திருத்திக்கொள்வார்.

இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் பிள்ளைகள்தான். முதியவர் இரண்டாம் வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்: அம்மாவை, அப்பாவை, பெரியப்பாவை. "எங்க பெரியம்மா போன மாசம் முதியோர் இல்லத்துக்குக் குடி போனாங்க" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. நம் காதுக்குத்தான் பழக்கமில்லை.

ஓர் இல்லம் ஒரு முதியவருக்குப் பொருந்துமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? சுத்தம், செலவு, டாக்டர் வந்துபோகும் நாட்கள், ஊரிலிருந்து தூரம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கடந்த ஒரு வருடமாக எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சிலிருந்துதான் இந்த எண்ணம் வந்தது. அதனால் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

*

அத்தை என்பது அப்பாவின் அக்கா. வயது 79. மன்னார்குடியில் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தார். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. படித்தது அத்தை வீட்டில் தங்கித்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அத்தை அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தோரு வருட வேலை. தலைக்கு 100 கிராம் அரிசி, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கணக்கெழுதி, சமையலரையும் உதவியாளரையும் வேலை வாங்கி, தினமும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். இன்றைக்கும் அவர் கைக்கு வருவது அந்த வேலையின் சிறு ஓய்வூதியம்தான்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. கையில் மாவுக்கட்டு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்த செய்திகளை அச்செடுத்தால் ஒரு நாவல் தேறும்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. திருச்சியில் அப்பா அம்மாவோடு இருப்பது. சென்னையில் என் வீட்டுக்கு வருவது. ஒரு நல்ல இல்லம் பார்ப்பது. மூன்றாவதைச் சொன்ன சித்தப்பா அதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் குழுவில் தலைகாட்டவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பது ஒருபக்கம். அப்பாவுக்கோ அதைவிடப் பெரிய சங்கடம். "அவங்க வீட்டுல சோறு தின்னுதான் நான் படிச்சேன்" என்று ஒரே ஒரு வரி எழுதினார். அதற்குமேல் யாரும் எதுவும் எழுதவில்லை.

அத்தை அந்தக் குழுவில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

*

இதில் கடமை யாருக்கு என்று சட்டத்தைக் கேட்டால், அது தெளிவாகப் பதில் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதை விசாரிக்கும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி இருக்கிறது. பராமரிக்க வேண்டிய முதியவரை எங்காவது கொண்டு போய் நிரந்தரமாக விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

அத்தையைப் போலப் பிள்ளை இல்லாதவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவருடைய சொத்தை இப்போது அனுபவிக்கிற, அல்லது பின்னால் வாரிசாக அடையப்போகிற உறவினருக்குத்தான் பராமரிக்கும் கடமை. சட்டத்தின் கோணத்தில் இது நியாயமாகவே இருக்கிறது. ஆதாயம் வருகிற இடத்தில் பொறுப்பும் இருக்கட்டும் என்கிறது. ஆனால் அத்தையிடம் சொத்தென்று எதுவும் இல்லை. வாடகை வீடு, இரண்டு பீரோ, ஒரு ஜோடித் தோடு. அடைய எதுவும் இல்லாததால் எங்களைச் சட்டம் தொடாது. அப்பா சாப்பிட்ட சோற்றுக்கு எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் பத்திரம் கிடையாது.

சட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எத்தனையோ பேருக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கிறது. அது கேட்கும் கேள்வி "யார் தர வேண்டும்?" என்பது. ஊர் கேட்கும் கேள்வி "யார் நல்ல பிள்ளை?" என்பது. இரண்டும் எங்களைப் பற்றிய கேள்விகள். அத்தைக்கு என்ன வேண்டும் என்பது இரண்டிலும் இல்லை.

*

கேட்காமல் இல்லை, கேட்டோம். மாவுக்கட்டுப் பிரித்த அன்று அப்பா கேட்டார். அத்தை சொன்ன பதில்: "உங்களுக்கு எது தோதோ அதப் பண்ணுங்கப்பா."

தமிழ்க் குடும்பங்களில் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். "அவங்களே சரின்னுட்டாங்க" என்று அடுத்த நிமிடம் போன் போகும். என் வேலையில் ஒரு விதிமுறைப் பக்கத்தின் அடியில் 'சம்மதம்' என்ற பட்டனை வைத்துவிட்டு, அதை அழுத்தியவர் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டுதான் அழுத்தினார் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு சம்மதமோ அவ்வளவுதான் இதுவும்.

அத்தையின் தலைமுறைப் பெண்களுக்குத் தன் விருப்பத்தை விருப்பமாகவே சொல்லும் பழக்கம் இருந்ததில்லை. "எனக்குக் காபி வேணும்" என்று சொல்ல மாட்டார்கள். "யாருக்காச்சும் காபி போடவா?" என்பார்கள். அவர்களுடைய ஆசை அடுத்தவர் வசதியின் முந்தானைக்குள்தான் ஒளிந்திருக்கும். அதிலும் பிள்ளையில்லாத ஒரு விதவை, தம்பி வீட்டிலும் தம்பி மகன் வீட்டிலும் எதையும் உரிமையோடு கேட்டுவிட முடியாது. "எது தோதோ" என்பதை உடன்பாடு என்று வாசிப்பது நமக்குத் தோது. அது ஒரு பயமாக இருக்கலாம். மரியாதையாக இருக்கலாம். "என்னைப் போகச் சொல்லாதே என்று நீயே சொல்லு" என்பதாகக்கூட இருக்கலாம்.

பெரிய கேள்விக்கு இப்படித்தான் பதில் வரும் என்று தெரிந்த பிறகு, நான் சின்னக் கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்துகொள்வீர்கள்? முதல் காபி யார் போட்டால் பிடிக்கும்? சாயங்காலம் யாரோடு பேசுவீர்கள்? எது இல்லாவிட்டால் அந்த நாள் நாளாக இருக்காது? இதற்கெல்லாம் "உங்களுக்கு எது தோதோ" என்று சொல்ல முடியாது. அத்தை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுகிறார். காபி தானே போட்டுக்கொள்ள வேண்டும், அடுத்தவர் போட்டால் கழுநீர். சாயங்காலம் குளத்தங்கரையில் ஒரு நடை. அங்கே பூ விற்கும் பெண்ணோடு அரை மணி நேரம். இராத்திரி படுக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். "தாப்பா போடலன்னா எனக்குத் தூக்கம் வராது தம்பி."

இதைக் கேட்டவுடன் எங்கள் மூன்று வழிகளும் வேறு மாதிரித் தெரிந்தன.

*

முதலில் வீடு. வீடு என்றால் பாசம், இல்லம் என்றால் கைவிடல் என்ற கணக்கு அவ்வளவு நேராக வராது.

சென்னையில் என் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. நானும் மனைவியும் காலை ஒன்பதுக்குப் போனால் திரும்ப ஏழாகும். அந்தப் பத்து மணி நேரம் அத்தை ஒரு பால்கனியோடும் டிவியோடும் இருப்பார். கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். லிஃப்டில் தனியாக இறங்கப் பயப்படுவார். தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொல்லியும் சொல்லுவோம். அவரை ஒரு நாளும் யாரும் கடிந்து பேச மாட்டோம். ஆனால் அவர் பட்டியலிட்ட நான்கில் ஒன்றுகூட அங்கே கிடைக்காது.

திருச்சி வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப்போவது அப்பா இல்லை. அம்மா. "நாங்க பாத்துக்கறோம்" என்று ஆண்கள் சொல்லும் வாக்கியத்தின் உண்மையான எழுவாய் பெரும்பாலும் சமையலறையில் இருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாத்தனாரை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். அத்தையின் "எது தோதோ" மாதிரியே அதுவும் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். என்னோடு பிறந்தது ஒருவன். இந்தக் கணக்கில், வயதானவர்களை வயதானவர்களே பார்த்துக்கொள்ளும் வீடுகள்தான் கூடிக்கொண்டே போகும்.

வீட்டுக்குள்ளேயும் ஒருவர் கைவிடப்படலாம் என்பது நமக்குத் தெரியாததல்ல. தென்மாவட்டச் சில ஊர்களில் இருந்த தலைக்கூத்தல் வழக்கம் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. படுக்கையில் விழுந்தவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடித்துவிடுவது. பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்' படம் அதைப் பற்றியதுதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அது எந்த இல்லத்திலும் நடந்ததில்லை. சொந்த வீட்டில், சொந்த உறவுகள் கூடி நின்று நடந்தது. இது கோரமான விளிம்பு, எல்லா வீடும் இப்படி இல்லை. ஆனால் 'வீட்டில் இருக்கிறார்' என்பதை மட்டும் வைத்து ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

*

இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம்.

முதலாவது மாதம் 25,000 ரூபாய். தரை பளபளத்தது. வராந்தா முழுக்கக் கைப்பிடிக் கம்பிகள், ஒவ்வொரு மூலையிலும் சிசிடிவி, இரவில் இரண்டு நர்ஸ்கள். மேலாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாட்டிக்கு சுகர் இருக்கா சார்?" அத்தை என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு பிரஷர் மட்டும்தான்" என்றார். மேலாளர் அதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்டார். "நைட்ல எந்திரிப்பாங்களா?"

அங்கே காலை ஆறரைக்குக் காபி. சமையலறைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. வெளியே போவதென்றால் உதவியாளர் கூட வர வேண்டும், அதற்குக் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும். இருபத்தோரு வருடம் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர், தெருமுனைக் கோயிலுக்குப் போக என் கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டும். அறைக் கதவுகளில் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஏன் என்று கேட்டேன். "உள்ள விழுந்துட்டா கதவ உடைக்க முடியாது சார்." நியாயமான காரணம். எங்களுக்கே நடந்ததுதான்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1961-ல் வெளிவந்த 'அசைலம்ஸ்' நூலில் முழுமை நிறுவனம் என்று ஒன்றை விவரிக்கிறார். சாதாரண வாழ்க்கையில் நாம் ஓரிடத்தில் தூங்கி, வேறிடத்தில் வேலை செய்து, இன்னோர் இடத்தில் பொழுதுபோக்குகிறோம். அந்தச் சுவர்கள் எல்லாம் உடைந்து, ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அதிகாரத்தின் கீழே, ஒரே மணியடிப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் செய்யும் இடம் அது. சிறை, படைமுகாம், மடம், மனநல மருத்துவமனை எல்லாம் வரும் அந்தப் பட்டியலில் முதியோர் இல்லமும் இருக்கிறது. அங்கே யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நாற்பது பேரைச் சில பணியாளர்கள் சமாளிக்க வேண்டும் என்ற கணக்கே போதும், ஒருவருக்கு மட்டும் நாலே முக்காலுக்குக் காபி என்பது தொந்தரவாகிவிடும்.

இரண்டாவது இல்லம் மாதம் 14,000. பெயின்ட் உரிந்திருந்தது. வாசல் திண்ணையில் மூன்று பேர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடத்துகிற அம்மா அத்தையை உட்காரச் சொல்லி, "நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?" என்றார். "சத்துணவு அமைப்பாளர்" என்றார் அத்தை. "அய்யய்யோ, அப்ப எங்க சமையல தினம் குத்தம் சொல்லுவீங்களே." விழுந்ததிலிருந்து அத்தை அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு அத்தை கேட்ட கேள்விகளை நான் குறித்து வைத்திருக்கிறேன். வாசல் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? நானே நடந்து போய்விட்டு வரலாமா? சாம்பாருக்கு ஒரே பருப்பா, கலந்து போடுவீர்களா?

ஆனால் அங்கே இரவில் பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு பணியாளர். பெரிய ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர். படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடமாட்டம் உள்ளவர்களை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் நம் ஊரில் நிறைய. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு இராத்திரியில் ஆள் வேண்டும். இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது: இரவில் எத்தனை பேர், ஆஸ்பத்திரிக்குக் கூட யார் போவார்கள், படுத்துவிட்டால் என்ன ஆகும்.

*

ஆக, ஒருபக்கம் பாதுகாப்பு, இன்னொருபக்கம் தன் இஷ்டம். இங்கேதான் உண்மையான சிக்கல். தாழ்ப்பாளை வைத்தே யோசிக்கிறேன்.

முதியவர்களின் திறனை அளக்க சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலம் அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எத்தனைக்கு உதவி தேவை என்று பார்ப்பது. மிகவும் பயனுள்ள அளவுகோல். ஆனால் சாம்பாரில் என்ன பருப்பு என்று கேட்பதற்கு அதில் இடமில்லை.

அதையும் அளக்க முடியுமா என்று சிலர் பார்த்திருக்கிறார்கள். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் "உங்கள் வாழ்க்கை உங்கள் பொறுப்பு" என்ற பொருளில் பேசி, பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து அவர்களே வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியில் "உங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு" என்று சொல்லி, செடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் வேலையை நர்ஸ்களிடம் விட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் இன்னும் சுறுசுறுப்பாக, கலகலப்பாக இருந்தார்கள். சிறிய சோதனைதான், அதை வைத்து உலகத்தை அளக்க வேண்டாம். ஆனால் இரண்டாவது மாடியில் சொல்லப்பட்ட வாக்கியத்தைக் கவனியுங்கள். நாம் வீட்டில் அன்போடு சொல்லும் வாக்கியமே அதுதான்.

கெரன் பிரவுன் வில்சன் என்ற அமெரிக்கப் பெண்ணின் அம்மாவுக்கு 55 வயதில் பக்கவாதம் வந்து, நர்சிங் ஹோம்களிலேயே வருடங்கள் கழிந்தன. வில்சன் 1983-ல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 'பார்க் பிளேஸ்' என்று ஓர் இடத்தைத் தொடங்கினார். உதவி கிடைக்கும், ஆனால் அது அவரவர் வீடு. சமையல் மேடையும் குளியலறையும் உண்டு. கதவைப் பூட்டிக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு. அதுல் கவாண்டே 2014-ல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. பூட்டு ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஆனால் உள்ளே வருவதற்குமுன் தட்ட வேண்டும் என்று அது அடுத்தவரிடம் சொல்கிறது.

விழுந்தால் என்ன செய்வது? வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள்கள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது இல்லத்தில் அதைத்தான் போட்டிருந்தார்கள். பாதுகாப்பா சுதந்திரமா என்று நாம் பெரிதாக எழுப்பும் கேள்விகளில் பாதி, யாராவது ஒருவர் கொஞ்சம் மெனக்கெட்டால் தீர்ந்துவிடுபவை. மீதிப் பாதி தீராதது. அத்தை தனியாக நடந்து போனால் ஒருநாள் தடுக்கி விழக்கூடும். அதற்கு நாணயத் தாழ்ப்பாள் கிடையாது. அந்த ஆபத்தைக் குறைக்கலாம், கம்பு கொடுக்கலாம், நல்ல செருப்பு வாங்கலாம். முற்றிலும் ஒழிக்க வேண்டுமென்றால் அவரை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அப்போது பாதுகாப்பாக இருப்பது என் தூக்கம். அதற்கான விலையைக் கொடுப்பவர் அத்தை.

*

இதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு.

ஒன்று: அத்தைக்குத் தெளிவு இருக்கிறது. மறதிநோய் முற்றியவர்கள்? அடுப்பை அணைக்க மறப்பவரிடம் போய் "உங்கள் இஷ்டம்" என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் முடிவெடுக்கும் திறன் ஒரே ஸ்விட்சில் அணைவதில்லை. பேங்க் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியாதவருக்கு எந்தப் புடவை என்று தெரியும். எந்தப் புடவை என்று தெரியாதவருக்கும் யார் தொட்டால் பிடிக்கவில்லை என்று தெரியும். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-லிருந்து இயங்கும் ஹோகவெய்க் மறதிநோய் உள்ளவர்களுக்கான ஒரு கிராமம். வெளி வாசல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உள்ளே தெரு, கடை, தோட்டம் எல்லாம் உண்டு, அவர்கள் பாட்டுக்கு நடக்கலாம். நம்மால் அப்படி ஒரு கிராமம் கட்ட முடியாமல் போகலாம். ஆனால் வேலியை எவ்வளவு தள்ளிப் போட முடியும் என்று யோசிப்பதற்குக் காசு தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. முதியவரின் இஷ்டம்தான் எல்லாம் என்றால், "நான் உங்க வீட்டுலதான் இருப்பேன்" என்று அத்தை சொன்னால்? அம்மாவின் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது? இங்கே நான் ஒரு பக்கமாகச் சாய முடியாது. பார்த்துக்கொள்பவரின் "முடியல" என்பதும் ஒரு உண்மை. அதை வெளியே சொல்ல விடாமல் தியாகம் என்று பெயர் சூட்டி அழுத்திவைத்தால், அது ஒருநாள் தட்டைப் "பொத்" என்று வைக்கும் சத்தமாக வெளியே வரும். அந்தச் சத்தம் சாப்பிடுகிறவருக்கு நன்றாகவே கேட்கும்.

ஆகவே நான் வந்து சேர்ந்திருக்கும் அளவுகோல் இதுதான். அங்கே அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏதாவது மாறுமா? அவரைப் பார்த்துக்கொள்பவரும் "முடியாது" என்று சொல்ல முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த இடம் பொருந்தும், அது இல்லமாக இருந்தாலும் வீடாக இருந்தாலும். இல்லை என்றால், தரை எவ்வளவு பளபளத்தாலும், எத்தனை பேரன் பேத்திகள் சுற்றி விளையாடினாலும் பொருந்தாது. இல்லத்துக்கு நாம் வைக்கும் இந்தப் பரீட்சையை நம் வீட்டுக்கும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. எங்கள் வீடு அதில் தேறவில்லை.

*

ஒரு விஷயம் என் தொழிலிலிருந்து உதவியது. நாங்கள் ஒரு மாற்றத்தைச் செய்வதற்குமுன் முதலில் கேட்பது, சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதை. திரும்ப முடியும் என்றால் தைரியமாகச் செய்து பார்க்கலாம். குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. இல்லத்தில் சேர்த்த அதே வாரம் வீட்டைக் காலி செய்வார்கள். பித்தளைப் பாத்திரங்கள் எடைக்குப் போகும். பேங்க் பாஸ்புக் மகன் கைக்கு வரும். "விட்டுட்டாங்க" என்ற சொல் உண்மையாகும் இடம் இல்லத்தின் வாசல் இல்லை, இந்தக் காலி வீடு. திரும்பிப் போக இடமில்லாதவர் சொல்லும் "இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு என்ன மதிப்பு?

அதனால் மன்னார்குடி வீட்டை வைத்துக்கொண்டோம். வாடகை 4,500. நானும் தம்பியும் பாதிப் பாதி. இரண்டாவது இல்லத்தில் அத்தை ஒரு மாதம் இருந்து பார்ப்பது என்று பேச்சு. வீட்டுச் சாவி அத்தையிடம். பாஸ்புக், ஆதார் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் அத்தையின் கைப்பையில். அப்பா கொண்டு போய் விடவில்லை. அத்தை ஒரு பெட்டியும் ஒரு காபி ஃபில்டரும் எடுத்துக்கொண்டு போனார், அப்பா கூடப் போனார். இரவுப் பணியாளர் விஷயமும் ஆஸ்பத்திரித் தூரமும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை அத்தையிடம் மறைக்காமல் சொன்னோம். "மன்னார்குடியில மட்டும் ராத்திரி யாரு இருந்தா?" என்றார்.

ஊரில் ஒருவர் அப்பாவிடம், "அக்காவ விட்டுட்டீங்களாமே" என்று கேட்டிருக்கிறார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. சொல்லிப் புரியவைக்கிற விஷயமும் இல்லை.

ஒரு மாதத்தை அத்தையே மூன்றாக்கினார். போன் செய்தால் இப்போதெல்லாம் புகார்கள் வருகின்றன. பக்கத்துக் கட்டில் அம்மா இராத்திரி முழுக்க ரேடியோ வைக்கிறாராம், அதைப் பேசித் தீர்க்க வேண்டுமாம். காய் வாங்குகிறவன் ஏமாற்றுகிறானாம், கணக்கை இனி அத்தை பார்க்கப்போகிறாராம். ஒருமுறை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கால் இடறி, முழங்கையில் சிராய்ப்பு. அதை அவராகச் சொல்லவில்லை, நடத்துகிற அம்மா சொல்லித் தெரிந்தது. எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை.

மூன்றாவது மாத முடிவில் வீட்டுக்காரர் கேட்டார், வைத்துக்கொள்கிறீர்களா, வேறு ஆளுக்கு விடட்டுமா என்று. அத்தையிடம் கேட்டேன். "வீட்டக் காலி பண்ணிடலாமா அத்தை?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"அவசரப்படாத தம்பி. நான் யோசிச்சுச் சொல்றேன்."

இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. இந்த மாத வாடகையை அனுப்பிவிட்டேன்.